கோஹினூரும் அம்மன் மூக்குத்தியும்: பேர்பெற்ற வைரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் வடசேரியில் நகைப் பட்டறைகளுக்கு நடுவே இருப்பவனிடம் எல்லாரும் தங்க விலையை மட்டும் கேட்பதில்லை. கன்னியாகுமரி போய்விட்டு வருகிறவர்கள் அம்மன் மூக்குத்தியைப் பற்றிக் கேட்பார்கள். செய்தியில் கோஹினூர் அடிபட்டால் அன்றைக்கு முழுக்க அதுதான் பேச்சு. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் பேச்சிலேயே இருக்கின்றன.

காரட் காரட்னு சொல்லுதாவளே, பவுன்ல சொன்னா எவ்வளவு வரும்?

வைரத்தில் காரட் என்பது எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம், ஐந்து காரட் ஒரு கிராம். கடையில் "பத்து சென்ட் கல்" என்றால் காரட்டில் பத்தில் ஒரு பங்கு. தங்கத்துக்குச் சொல்லும் 22 காரட் வேறு சங்கதி, அது சுத்தத்தின் அளவு. பவுனுக்கு 8 கிராம் என்றால் 40 காரட் ஆகிறது. இன்றைய கோஹினூர் 105.6 காரட். கிராமில் 21, அதாவது இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேலே. நம் ஊர்க் கல்யாணத்தில் ஒரு வளையல் அதைவிட எடை நிற்கும்.

பழைய குறிப்புகளில் ஒரே கல்லுக்கு இரண்டு எடை எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம். 200 மில்லிகிராம் என்ற மெட்ரிக் காரட் 1907-க்குப் பிறகுதான் நாடு நாடாக வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் ஊருக்கு ஒரு காரட். கோஹினூர் லண்டன் போய்ச் சேர்ந்தபோது 186 காரட் என்று ஒருவர் எழுதுவார், 191 என்று இன்னொருவர். முதலாவது பழைய காரட், அடுத்தது மெட்ரிக். இரண்டும் ஒரே எடைதான்.

கோல்கொண்டா வைரம்னா கோல்கொண்டாவுல தோண்டி எடுத்ததா?

இல்லை. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் உள்ள கோல்கொண்டா ஒரு கோட்டை, வைரங்கள் கைமாறிய இடம். கல் கிடைத்தது கிருஷ்ணா நதிக்கரையில், இன்றைய ஆந்திராவில் உள்ள கொல்லூர், பரிட்டாலா போன்ற ஊர்களில். பாறையைக் குடைந்து எடுத்ததும் இல்லை. ஆற்றுச் சரளையைத் தோண்டி, கழுவி, காயவைத்துப் பொறுக்கினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பிரெஞ்சு வியாபாரி டாவர்னியே, கொல்லூரில் ஆண், பெண், பிள்ளைகள் சேர்த்து 60,000 பேர் வேலை செய்வதாக எழுதி வைத்திருக்கிறார். இன்று கொல்லூர்ப் பகுதி புலிச்சிந்தலா நீர்த்தேக்கத்தின் தண்ணீருக்குள் போய்விட்டது.

1720-களில் பிரேசிலில் கண்டுபிடிக்கும் வரை உலகத்து வைரம் ஏறக்குறைய எல்லாமே இந்தியாவிலிருந்து போனதுதான், போர்னியோவில் கொஞ்சம் கிடைத்ததைத் தவிர. தென்னாப்பிரிக்கா 1860-களில்தான் வருகிறது. இப்போது நம் நாட்டில் வைரம் எடுக்கும் இடம் என்றால் மத்தியப் பிரதேசத்துப் பன்னா.

அம்மன் மூக்குத்தியில இருக்கது வைரமா, மாணிக்கமா? அதப் பாத்து கப்பல் மோதினது நெசமா?

வைரம் என்கிறார்கள், மாணிக்கம் என்கிறார்கள், நாகரத்தினம் என்றும் சொல்கிறார்கள். நடையில் நின்று கும்பிடும் தூரத்தில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், எந்தக் கல் என்று கண்ணால் சொல்ல எந்தத் தட்டானாலும் முடியாது. கப்பல் கதை தெரிந்ததுதான்: மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பி மாலுமிகள் கப்பலைத் திருப்ப, பாறையில் மோதியது, அதனால் கிழக்கு வாசலை அடைத்தார்கள். வாசல் அடைத்திருப்பது உண்மை. சில விசேஷ நாட்களில் மட்டும் திறப்பார்கள், மற்ற நாளில் வடக்கு வாசல் வழியாகத்தான் போகிறோம்.

கல்லின் பக்கமிருந்து ஒன்று மட்டும் சொல்லலாம். வாங்கிய வெளிச்சத்தைத்தான் கல் திருப்பிக் கொடுக்கும், தன்னிடமிருந்து கூட்டிக் கொடுக்காது. வைரத்துக்கு ஒளியை மடக்கித் திருப்பும் குணம் மற்றக் கற்களைவிட அதிகம், அதனால் சின்ன விளக்குக்கே வெட்டி வெட்டி மின்னும். ஆனாலும் கருவறை விளக்கைவிடப் பெரிய வெளிச்சம் அதிலிருந்து கடலுக்குப் போகாது. கதையைப் பக்தியாகவே வைத்துக்கொள்ளுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

அப்போ இருட்டுல தானா மின்னுற வைரமே கெடையாதா?

தானாக இல்லை. ஆனால் புற ஊதா விளக்கைக் காட்டினால் சில வைரங்கள் நீலமாக ஒளிரும். விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஒளிர்கிறவை அபூர்வம். அதில் பேர்பெற்றது வாஷிங்டனில் இருக்கும் ஹோப் வைரம். கல் நீலம், ஆனால் விளக்கை அணைத்ததும் தணல் மாதிரிச் சிவப்பாக மின்னி மெல்ல அடங்கும். அதன் கதை கீழே வருகிறது.

மணவாளக்குறிச்சி மணல்ல வைரம் கெடக்குன்னு சொல்லுதாவ?

கிடையாது. நம் மாவட்டக் கடற்கரையில் உள்ள அந்த ஊர் மணலில் இருப்பது இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட், சில்லிமனைட் என்ற தாதுக்கள். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்ததில்தான் நம் மணலுக்கு உலகத்தில் பெயர் வந்தது. கரையில் சிவப்பாகப் படிந்திருப்பது கார்னெட், அதுவும் ஒரு கல் இனம்தான், ஆனால் பொடி. வைரம் பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே உருவாகி, கிம்பர்லைட் போன்ற எரிமலைப் பாறையோடு மேலே வருகிறது. அந்தப் பாறை உள்ள நாட்டில்தான் ஆற்று மணலில் தேடிப் பயன் உண்டு.

வைரத்தோடு நமக்கு ஒரு சுற்றுவழிச் சொந்தம் இருக்கிறது. சிர்கானிலிருந்து கிடைக்கும் சிர்கோனியத்தின் ஆக்சைடில்தான் "அமெரிக்கன் டைமண்ட்" எனப்படும் ஏடி கல் செய்கிறார்கள். பெயர்தான் அமெரிக்கன். அதை நகைக்கல்லாகப் பெரிய அளவில் வளர்க்கும் முறையை 1970-களில் கொண்டுவந்தவர்கள் சோவியத் விஞ்ஞானிகள்.

உலகத்துலயே பெரிய வைரம் கோஹினூர்தானே?

பக்கத்தில்கூட வராது. நகைக்கு ஆகும் தரத்தில் கிடைத்த கல்லில் பெரியது கல்லினன். 1905 ஜனவரி 26 அன்று தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சுரங்கத்தில் கிடைத்தது, 3,106 காரட். 621 கிராம், பவுனில் போட்டால் எழுபத்தேழுக்கு மேல்.

அதை ஏழாம் எட்வர்டுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார்கள். லண்டனுக்கு அனுப்பியதே ஒரு தந்திரம். காவலோடு கப்பலில் போனது போலிக் கல், அசல் சாதாரணப் பதிவுத் தபாலில் போனது. 1908-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் அதைப் பிளந்தார். முதல் அடியில் கத்திதான் உடைந்தது, கல் அசையவில்லை. பிறகு பிளந்து, ஒன்பது பெரிய கல்லும் தொண்ணூற்றாறு சின்னக் கல்லும் தேறின. முதல் கல் 530 காரட், பிரிட்டிஷ் செங்கோலில் இருக்கிறது. இரண்டாவது 317 காரட், கிரீடத்தில்.

பெருசும் இல்லேன்னா கோஹினூருக்கு என்னத்துக்கு இத்தனை பேரு?

அது போன வழிக்காக. காகதீயர் காலத்திலிருந்தே கதை சொல்வார்கள், ஆனால் அந்தப் பெயரோடு எழுத்தில் வருவது ஈரான் அரசர் நாதிர் ஷாவுக்குப் பிறகுதான். அவர் 1739-ல் டெல்லியைக் கொள்ளையடித்து மயிலாசனத்தையும் கொண்டுபோனார். அந்த ஆசனத்தில் பதித்திருந்த கல் இது என்று அவருடைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். டெல்லியின் மொகலாய அரசர் முகம்மது ஷாவின் தலைப்பாகைக்குள் ஒளித்திருந்ததாகவும், நாதிர் தலைப்பாகையை மாற்றிக்கொண்டு பிடுங்கியதாகவும் சொல்வது சுவையான கதை, ஆதாரம் இல்லை.

1747-ல் நாதிர் கொலையானபின் கல் ஆப்கானிஸ்தானத்து அகமது ஷா அப்தாலியிடம் போனது. அவர் பேரன் ஷா ஷுஜா நாடிழந்து லாகூரில் அடைக்கலம் வந்தபோது, 1813-ல் பஞ்சாபை ஆண்ட ரஞ்சித் சிங் அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். "வாங்கிக்கொண்டார்" என்றால் விருப்பப்பட்டுக் கொடுத்ததாக நினைக்க வேண்டாம், ஷுஜா காவலில் இருந்தார். 1839-ல் ரஞ்சித் சிங் இறந்தார். 1849-ல் பஞ்சாப் நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது, கல்லும் கூடவே போனது.

1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மகா கண்காட்சியில் வைத்தபோது கூட்டம் முண்டியடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று உதட்டைப் பிதுக்கியது. பழைய இந்தியப் பட்டை தீட்டலில் எடை குறையக் கூடாது என்பது நோக்கம், மின்னுவது அடுத்தது. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் 1852-ல் திரும்பத் தீட்டச் சொன்னார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆட்கள் வந்து 38 நாளில் முடித்தார்கள். 191 காரட் 105.6 ஆனது. நல்ல மின்னல் வந்தது, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கல் தூளாகப் போனது. எனக்கு அது நஷ்டக் கணக்காகத்தான் தெரிகிறது.

வெள்ளக்காரன் அத களவாண்டானா, நாம குடுத்தோமா? ஒண்ணு சொல்லுங்க.

காகிதத்தில் இருப்பதைச் சொல்கிறேன். 1849 மார்ச் 29 அன்று எழுதிய லாகூர் ஒப்பந்தத்தில், ஷா ஷுஜாவிடமிருந்து ரஞ்சித் சிங் எடுத்த கோஹினூரை லாகூர் மகாராஜா இங்கிலாந்து ராணியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தனி ஷரத்து இருக்கிறது. கையெழுத்துப் போட்ட மகாராஜா, ரஞ்சித் சிங்கின் மகன் துலீப் சிங்குக்கு வயது பத்து. அம்மாவை ஏற்கெனவே அவனிடமிருந்து பிரித்துவிட்டார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு வக்கீல் "திருடவும் இல்லை, பலவந்தமாக எடுக்கவும் இல்லை" என்று சொன்னார். ஊர் கொதித்ததும் அடுத்த நாளே, திரும்பக் கொண்டுவர எல்லா முயற்சியும் செய்வோம் என்று கலாச்சார அமைச்சகம் அறிவித்தது.

பரிசு என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூர். உத்திராடம் திருநாள் மகாராஜா யானைத் தந்தத்தில் சிம்மாசனம் செய்து, வைரமும் மரகதமும் மாணிக்கமும் பதித்து, விக்டோரியா ராணிக்கு அனுப்பினார். அதுவும் அதே 1851 கண்காட்சியில் இருந்தது. நாட்டை ஆளும் ஒரு ராஜா தாமே நினைத்து அனுப்பியது ஒன்று, நாட்டை இழந்த ஒரு பையனிடம் ஷரத்துப் போட்டு வாங்கியது இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரில் எழுத எனக்கு மனம் வராது.

திரும்பக் கேட்டா யாருக்குக் குடுப்பான்?

சிக்கலே அங்குதான். இந்தியா கேட்கிறது. லாகூர் எங்களிடம் இருக்கிறது என்று 1976-ல் பாகிஸ்தான் கேட்டது. ஆப்கானிஸ்தானும் கேட்டிருக்கிறது, ஈரானும் உரிமை பேசியிருக்கிறது. மேலே சொன்ன வழியைத் திருப்பிப் படியுங்கள், ஒவ்வொருவரும் முந்தினவரிடம் பறித்தவர்தான். அதற்காக, கடைசியில் பறித்தவன் வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆகிவிடாது. 2023 முடிசூட்டு விழாவில் கமிலா ராணி கோஹினூர் பதித்த கிரீடத்தைத் தவிர்த்தார்.

ஆம்பளைங்க போட்டா ஆகாதாமே?

பிரிட்டனில் அதை அணிந்தவர்கள் விக்டோரியா, அலெக்ஸாண்ட்ரா, மேரி, இரண்டாம் எலிசபெத்தின் அம்மா எலிசபெத் என்று பெண்கள்தான், அதனால் பேச்சு வலுத்துவிட்டது. நாதிர் ஷா கொலையானார், சரி. ரஞ்சித் சிங்கோ அதைக் கையில் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் ராஜாவாகவே இருந்து, ராஜாவாகவே போனார். அந்தக் காலத்து அரசர்களில் படுக்கையில் இறந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் கல்லின் மேல் பழி போடத் தோன்றாது.

ஆனா வைரத்துல தோஷம்னு ஒண்ணு உண்டுல்லா? எங்க அம்மை மூணு நாளு வச்சுப் பாத்துதான் வாங்குவா.

நம் பழக்கம் பழையது. கருப்புப் புள்ளி, கீறல் உள்ள கல்லை ஒதுக்குவது சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. மதுரைக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில், காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்ற நான்கு குற்றமும் இல்லாத வைரம் என்று இருக்கிறது. இன்றைக்குக் கடைக்காரர் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்துச் சொல்வதும் அதேதான். உள்ளே கருப்பு இருந்தால் ஒளி தடைபடும், கீறல் இருந்தால் உடையும், இரண்டாலும் விலை குறையும்.

தலையணைக்கடியில் வைத்துப் பார்ப்பதால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. வாங்குகிறவர் மூன்று நாள் யோசிக்க அவகாசம் கிடைக்கிறது, அது நல்லது. திருப்பித் தரலாம் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு கொண்டுபோங்கள்.

ஹோப் வைரம் சாபம் புடிச்சதாமே, வாங்குனவனெல்லாம் செத்தானாம்?

இது விற்பதற்காக ஊதிப் பெருக்கிய கதை. டாவர்னியே இந்தியாவிலிருந்து கொண்டுபோன நீலக் கல் 115 காரட். 14-ஆம் லூயிக்கு விற்றார். சாமி சிலையின் கண்ணைப் பிடுங்கியதால் நாய்கள் கடித்துக் குதறி டாவர்னியே செத்தார் என்பார்கள். உண்மையில் எண்பது தாண்டி, 1689-ல் மாஸ்கோவில் இறந்தார். கல்லை 1673-ல் தீட்டி 69 காரட் ஆக்கினார்கள். 1792 செப்டம்பரில், புரட்சி நேரத்தில், அரசாங்கக் கருவூலத்திலிருந்து திருடு போனது. சரியாக இருபது வருஷம் கழித்து 1812 செப்டம்பரில் லண்டனில் ஒரு பெரிய நீலக் கல் தலைகாட்டுகிறது. இருபது வருஷத்தோடு பிரெஞ்சுச் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்குக் காலாவதி. தற்செயல் என்று நினைக்கிறீர்களா?

1839-ல் ஹென்றி பிலிப் ஹோப் என்ற வங்கிக் குடும்பத்துக்காரரின் பட்டியலில் கல் வருகிறது, பெயரும் அங்கிருந்துதான். 45.52 காரட். அதுவும் திருடு போன கல்லும் ஒன்றா என்பது ரொம்ப நாள் ஊகமாகவே இருந்தது. 2007-ல் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பழைய பிரெஞ்சுக் கல்லின் ஈய அச்சு ஒன்று அகப்பட்டது. அளந்து பார்த்ததில் ஹோப் அதற்குள் பொருந்தியது.

சாபத்துக்கு மெருகு போட்டவர் நகை வியாபாரி பியர் கார்ட்டியே. 1911-ல் எவலின் மெக்லீன் என்ற அமெரிக்கப் பணக்காரிக்கு விற்கும்போது கதையையும் சேர்த்து விற்றார். அந்த அம்மாளின் மகன் காரில் அடிபட்டும், மகள் மருந்து அதிகமாகியும் இறந்தது உண்மை, அதோடு சாபம் நிலைத்துவிட்டது. 1958-ல் அந்தக் கல்லை வைத்திருந்த ஹாரி வின்ஸ்டன் அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அனுப்பியது, கல்லினனைப் போலவே, பதிவுத் தபாலில். காப்பீடும் சேர்த்துச் செலவு 145 டாலர் 29 சென்ட். கல் வந்த பிறகு அந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டம்தான் பெருகியது.

ஸ்ரீரங்கம் ரெங்கநாதர் கண்ணு ரஷ்யாவுல இருக்குன்னு சொல்லுதது நெசமா?

ரஷ்யாவில் இருப்பது ஓர்லோவ் வைரம், சுமார் 190 காரட், கிரெம்ளினில். கிரிகோரி ஓர்லோவ் பிரபு அதை 1770-களில் வாங்கி கேத்தரின் ராணிக்குக் கொடுத்தார், செங்கோலில் பதித்தார்கள். இதுவரை உறுதி. கதை என்னவென்றால், 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், கர்நாடகப் போர்க் காலத்தில், பட்டாளத்தை விட்டு ஓடிய பிரெஞ்சுக்காரன் ஒருவன் பக்தன் வேஷம் போட்டு ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் இடம்பிடித்து, ஒரு மழை ராத்திரி சாமியின் ஒரு கண்ணைப் பெயர்த்தான், பயத்தில் மற்றக் கண்ணை விட்டுவிட்டு ஓடி, மெட்ராஸில் ஓர் ஆங்கிலக் கப்பல் கேப்டனிடம் விற்றான் என்பது.

இதற்குக் கோயில் பக்கத்து ஆதாரமும் இல்லை, விற்பனைக் காகிதமும் இல்லை. இன்னொரு வாதம் எனக்கு இதைவிட வலுவாகப் படுகிறது. 1665-ல் அவுரங்கசீப்பின் அரண்மனையில் டாவர்னியே கையில் வைத்துப் பார்த்த "மகா மொகல்" வைரம், முட்டையைக் குறுக்கே அறுத்த வடிவம் என்று எழுதியிருக்கிறார். ஓர்லோவும் அதே வடிவம், பட்டை தீட்டலும் ஒத்துப்போகிறது. எடைதான் இடிக்கிறது, அவர் எழுதியது 280 காரட். ரத்தி என்ற பழைய இந்திய எடையைக் காரட்டாக மாற்றியதில் அவருக்குக் கணக்குப் பிசகியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். முதல் கேள்வியில் சொன்ன ஊருக்கொரு காரட் சங்கதி இங்கேயும் வருகிறது. அந்த மகா மொகலைத் தீட்டிய வெனிஸ்காரர் ஹோர்டென்சியோ போர்ஜியோ கல்லைக் கெடுத்துவிட்டார் என்று, கூலி கொடுப்பதற்குப் பதில் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்களாம்.

மெட்ராஸ் கவர்னர் ஒருத்தர் வைரத்துலயே பணக்காரர் ஆனாராமே?

தாமஸ் பிட். ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தபோது, 1702-ல் ஜம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் கல் ஒன்றை நெடுநாள் பேரம் பேசி 48,000 வராகனுக்கு வாங்கினார். சுரங்கத்தில் ஓர் அடிமை காலைக் கிழித்துக் கட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கல் என்றும், ஒரு கப்பல்காரன் அவனைக் கொன்று பறித்தான் என்றும் கதை ஓடியது. பிட் கடைசிவரை "நான் நேர்மையாக வாங்கினேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டி வந்தது.

லண்டனில் தீட்டி 140 காரட் ஆன கல்லை 1717-ல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த பிலிப் பிரபுவுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். அதிலிருந்து அதற்கு ரீஜெண்ட் என்று பெயர். பின்னால் நெப்போலியன் அதை வாளில் பதித்துக்கொண்டார். பிட்டின் குடும்பத்திலிருந்து இரண்டு பேர் பிரிட்டனுக்குப் பிரதமர் ஆனார்கள்.

கோஹினூருக்குத் தங்கச்சி ஒண்ணு ஈரான்ல இருக்கா?

தர்யா-இ-நூர். வெளிறிய ரோஜா நிறம், சுமார் 182 காரட். நாதிர் கொள்ளையிலேயே போனது. 1642-ல் டாவர்னியே பார்த்த "பெரிய பலகை" என்ற கல்லை உடைத்ததில் பெரிய துண்டு இது, சின்னத் துண்டு நூர்-உல்-ஐன் என்று 1960-களில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் சொன்னார்கள். இரண்டும் தெஹ்ரானில் மத்திய வங்கியின் காவலில்.

நம்ம நாட்டுல பெரிய வைரம் ஒண்ணுமே மிச்சமில்லையா?

இருக்கிறது, கோஹினூரைவிடப் பெரியதே இருக்கிறது. ஹைதராபாத் நிஜாமின் ஜேக்கப் வைரம், சுமார் 185 காரட். ஆனால் கோல்கொண்டா கல் இல்லை, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1891-ல் அலெக்ஸாண்டர் ஜேக்கப் என்ற வியாபாரி ஆறாவது நிஜாம் மகபூப் அலி கானுக்கு விற்கப்போய், பேரம் கெட்டு, கல்கத்தாவில் கேஸ் நடந்தது. நிஜாமுக்கு அந்தக் கல்லின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. அவர் இறந்தபின் மகன் உஸ்மான் அலி கான் அதை அப்பாவின் செருப்பின் நுனிக்குள் கண்டெடுத்ததாகச் சொல்வார்கள். மகன் அதைக் காகிதம் பறக்காமல் இருக்க மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

1995-ல் மத்திய அரசு நிஜாம் நகைகளை 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இப்போது ரிசர்வ் வங்கிக் காவலில் இருக்கிறது.

பத்மநாபசாமி கோயில் நெலவறையில கோஹினூர் மாதிரி எதுவும் உண்டா?

2011-ல் உச்ச நீதிமன்ற உத்தரவில் அறைகளைத் திறந்ததிலிருந்து இந்தக் கேள்வி நிற்கவில்லை. நமக்கும் அதில் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறவர்கள் நிறைய. தலைநகர் பத்மநாபபுரத்தில் இருந்த காலத்தில், 1750-ல்தான் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதி வைத்தார். ஒரு லட்சம் கோடி என்பது பத்திரிகைகள் போட்ட மதிப்பு.

பேர்பெற்ற வைரம் என்று சொல்ல வேண்டுமானால் எடை, படம், விற்ற சீட்டு, பறித்த சண்டை ஏதாவது வேண்டும். கைமாறிய கல்லுக்குத்தான் சரித்திரம். கோயிலுக்கு வந்து அங்கேயே இருந்துவிட்ட கல்லுக்குப் பேர் வைக்க ஆள் கிடையாது. நம் அம்மன் மூக்குத்திக்கும் அதே நிலைமைதான், என்னைக் கேட்டால் அது நல்லதுக்குத்தான்.

எங்க பாட்டி தோடு ப்ளூ ஜாகர்னு சொல்லுவாங்க. அது பேர்பெற்ற வைரமா?

கல் பேர்பெற்றது இல்லை, சுரங்கம் பேர்பெற்றது. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டைன் என்று ஒரு சுரங்கம், நீலச்சாயல் கலந்த வெள்ளைக் கல்லுக்குப் பேர்போனது. 1893-ல் அங்கே கிடைத்த எக்ஸெல்சியர் 995 காரட், கல்லினன் வரும்வரை அதுதான் உலகத்தில் பெரிது. அங்கிருந்து வந்த சின்னக் கற்கள்தான் நம் பாட்டிமார் ஏழு கல் தோட்டிலும் எட்டுக் கல் பேசரியிலும் ஏறின. சுரங்கத்தை 1971-ல் மூடிவிட்டார்கள். இன்றைக்குக் கடையில் ப்ளூ ஜாகர் என்றால் நல்ல வெள்ளைக் கல் என்ற அளவில்தான் அர்த்தம். பழைய தோட்டின் பின்பக்கம் மூடிக் கட்டியிருந்தால், கல்லைக் கழற்றிப் பார்க்காமல் யார் நிறம் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அசல் வைரம் சுத்தியல்ல அடிச்சாலும் ஒடையாது, தீயில போட்டாலும் ஒண்ணும் ஆகாதுல்லா?

இரண்டும் தப்பு. கீறல் விழாது என்பதுதான் வைரத்தின் கடினம். அடி தாங்கும் என்பது வேறு. வைரத்துக்குப் பிளக்கும் திசைகள் உண்டு, ஆஷர் கல்லினனைப் பிளந்தது அதை வைத்துத்தான். சுத்தியல் சோதனையில் எத்தனையோ நல்ல கல் தூளாகியிருக்கிறது.

வைரம் கார்பன், 700, 800 டிகிரிக் காற்றில் எரியும். 1772-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியே எரித்துக் காட்டினார். வைரத் தோட்டில் பற்றவைக்கும் வேலை இருந்தால் கல்லைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். வடசேரிக் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது, ஆனால் அந்த நகையில் பதிப்பது கெம்புக் கல். வைரத்தில் கைப்பழக்கம் உள்ள ஆளைத் தேடிக் கொடுங்கள்.

ஏடி கல்லையும் வைரத்தையும் எப்படிப் பிரிச்சுப் பாக்கது? லேப் வைரம் போலியா?

ஏடி கல் அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் எடை நிற்கும். பதிக்காத கல்லைத் தராசில் போட்டாலே தெரியும். பதித்ததை வெப்பம் பார்க்கும் கருவி காட்டிக் கொடுக்கும். அந்தக் கருவியையும் ஏமாற்றும் மாய்சனைட் என்று ஒரு கல் இருக்கிறது, அதற்கு வேறு சோதனை.

லேப் வைரம் போலி இல்லை, அதுவும் கார்பன்தான். 1954-லேயே அமெரிக்காவில் செய்துவிட்டார்கள். 2023-ல் நம் பிரதமர் அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவிக்குக் கொடுத்த 7.5 காரட் வைரம் லேபில் வளர்ந்தது. கண்ணால் பிரிக்க முடியாது, பரிசோதனைக் கூடச் சான்றிதழ்தான் வழி. திரும்ப விற்கும்போது விலை கிடைப்பது கஷ்டம், அதைத் தெரிந்து வாங்குங்கள்.

இதையெல்லாம் நேர்ல பாக்கணும்னா எங்க போகணும்?

கோஹினூரும் கல்லினன் கற்களும் லண்டன் டவரில், டிக்கெட் உண்டு. ரீஜெண்ட் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தினுடையது. ஓர்லோவ் மாஸ்கோவில். ஹோப் வாஷிங்டனில், நுழைவு இலவசம்.

ஜேக்கப் வைரத்தை எப்போதாவது வெளியே எடுத்து வைப்பார்கள். 2019-ல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். அடுத்த முறை அறிவிப்பு வந்தால் கன்னியாகுமரியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறுங்கள், நிஜாமுதீன் வரை மாறாமல் போகலாம்.